விண்ணில் ஒரு துலாக்கோல்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் நீண்ட உலோகச் சட்டத்தின்மீது, சிறியதோர் அறையின் அளவில் ஒரு கருவி பொருத்தப்பட்டுள்ளது. அதன் பெயர் ஆல்ஃபா காந்த நிறமாலைமானி; சுருக்கமாக ஏ.எம்.எஸ். என்பர். 2011ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அது அங்கே நிறுவப்பட்டது. அன்றுமுதல், தன்னை ஊடுருவிச் செல்லும் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி, இனம்பிரித்து, அவற்றின் ஆற்றலை அளந்து வருகிறது. அவ்வாறு பதிவானவை 20,000 கோடிக்கும் மேல்.

இக்கருவிக்கு 150 கோடி முதல் 200 கோடி டாலர் வரை செலவாயிற்று என மதிப்பிடப்படுகிறது. இவ்வளவு செலவிட்டும் அது தேடிச் சென்ற எதிர்ப்பொருள் அண்டமும் கரும்பொருளும் ஐயமறக் கிடைக்கவில்லையே என்று குறைகூறுவோர் உளர். அக்குறையை எழுப்பியவர்களைவிட, அதற்கு இடங்கொடுத்த விளம்பரத்தையே நான் குறைகூறுவேன். ‘எதிர்ப்பொருளை வேட்டையாடும் கருவி’ என்று முழங்கி அதனை விண்ணுக்கு அனுப்பினார்கள். வேட்டைக்குச் சென்றவன் வெறுங்கையுடன் திரும்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். ஆனால், அக்கருவியின் உண்மையான பணி வேட்டையன்று, அளத்தல். ஹீலியம், கார்பன், ஆக்சிஜன், இரும்பு முதலிய அணுக்கருக்களை அது பொறுமையுடன் அளந்து தந்த எண்களே அதன் பெரும்பேறு என்பது என் கருத்து.

கதிர் என்னும் பிழைப்பெயர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்பியலாளரை ஒரு சிறு செய்தி உறுத்திக்கொண்டிருந்தது. நிலைமின்காட்டியில் ஏற்றிய மின்னூட்டம், எவ்வளவு காப்புச் செய்தாலும், மெல்லமெல்லக் கசிந்தது. நிலத்திலுள்ள கதிரியக்கப் பொருள்களே காரணம் எனப் பலரும் எண்ணினர். அவ்வாறாயின், நிலத்தைவிட்டு உயரச் செல்லச்செல்லக் கசிவு குறைய வேண்டும். தியோடார் வுல்ஃப் என்னும் பாதிரியார் 1910இல் தம் கருவியுடன் பாரிஸின் ஈஃபெல் கோபுரத்தின்மீது ஏறினார். கசிவு குறைந்தது; ஆனால், எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை.

இரண்டே ஆண்டுகளில் ஆஸ்திரிய நாட்டு விக்டர் ஹெஸ் விடையைக் கண்டார். 1912 ஆகஸ்டு 7ஆம் நாள், ஹைட்ரஜன் நிரப்பிய கூண்டுப் பலூனில் 5,300 மீட்டருக்கும் மேலே சென்று அளந்தார். அங்கே கசிவு தரையிலிருந்ததைப் போலப் பன்மடங்காயிற்று. மேலிருந்து ஏதோ ஒன்று வளிமண்டலத்துள் நுழைகிறது என்பது உறுதியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில், சூரிய கிரகணத்தின்போதும் அவர் பறந்திருந்தார். சூரியனின் ஒரு பகுதியை நிலவு மறைத்தபோதும் அளவு குறையவில்லை. ஆகவே, சூரியன் அதன் முதன்மை ஊற்றாக இருக்க முடியாது எனவும் முடிவு செய்தார். 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உயரத்தில் மூச்சுத்திணற, கைகள் குளிரில் விறைக்க, ஒரு மனிதர் ஊசியின் அசைவைக் குறித்துக்கொண்டிருந்ததிலிருந்து பிறந்தது இத்துறை. தொடக்கமே அளவீடுதான்.

புதிதாகக் கண்டதற்கு ‘அண்டக்கதிர்’ என்று பெயரிட்டனர். காஸ்மிக் கதிர் என நாம் பாடநூல்களில் படிப்பதும் இதனையே. பெயர் நிலைத்துவிட்டது, பொருள்தான் பொருந்தவில்லை. இவை ஒளியைப்போன்ற கதிர்களல்ல, பொருண்மையுடைய துகள்கள். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு புரோட்டான்கள். ஒன்பது ஹீலியம் அணுக்கருக்கள். எஞ்சிய ஒரு பங்கில் ஏனைய எல்லாத் தனிமங்களும் அடக்கம். கனமான அணுக்கருக்களும் வருகின்றன என்பது 1948இல்தான் தெரியவந்தது. மிக உயரம் செல்லும் பலூன்களில் ஒளிப்படக் குழம்புத் தட்டுகளை ஏற்றி அனுப்பி, அவற்றில் பதிந்த தடங்களின் தடிமனைக் கொண்டு அதனைக் கண்டனர். அக்குழுவில் ஒருவரான பெர்னார்டு பீட்டர்ஸ் பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து பணியாற்றினார். இந்தியாவில் பலூன்வழி ஆய்வு வேரூன்றியதில் அவருக்குப் பங்குண்டு.

ஏன் விண்ணுக்குப் போக வேண்டும்?

தரையிலிருந்தே அளக்கலாமே என்ற வினா எழுவது இயல்பு. உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்னும் ஆய்வுக்களம் அண்டக்கதிர்களை ஆராய்ந்து வருகிறது. நூற்றுக்கணக்கான உணர்விகள் அங்கே புல்வெளியில் வரிசையாக நிற்கின்றன. ஆனால், அவை அளப்பது விண்ணிலிருந்து புறப்பட்டு வந்த அணுக்கருவை அன்று. நம் தலைக்குமேலுள்ள காற்று முழுவதையும் திரட்டினால், பத்து மீட்டர் ஆழமுள்ள நீர்ப்படலத்துக்குச் சமமாகும். அத்தனை காற்றைத் துளைக்கும்போது அணுக்கரு மோதிச் சிதறுகிறது; சிதறல்கள் மீண்டும் மோதுகின்றன; முடிவில் துணைத்துகள்களின் மழையே தரைக்கு வருகிறது. மழையைக் கொண்டு மேகத்தை ஊகிப்பது உதகையில் நடக்கும் பணி. மிகுந்த ஆற்றலுடைய அரிய துகள்களுக்கு அதுவே தக்க வழி. ஏனெனில், அவற்றைப் பிடிக்கப் பரந்த நிலம் வேண்டும். வந்தது கார்பனா போரானா என்று ஐயமறச் சொல்ல வேண்டுமானால், காற்றுக்கு மேலே சென்று, உடையாத அணுக்கருவையே எதிர்கொள்ள வேண்டும். நாற்பது கிலோமீட்டர் உயரம் செல்லும் பலூனுக்கு மேலும் சிறிது காற்று எஞ்சியிருக்கும். அச்சிறு காற்றிலேயே சில கார்பன் கருக்கள் போரானாக உடைந்து கணக்கைக் குழப்பிவிடும்.

அளக்கும் முறை

ஏ.எம்.எஸ். கருவியின் எடை 7.5 டன். அதன் நடுவே வளைய வடிவக் காந்தம் ஒன்று உண்டு. மின்னூட்டமுள்ள துகள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும் என்பது நாம் அறிந்ததே. வளைவு மிகுந்தால் உந்தம் குறைவு. வளைவு குறைந்தால் உந்தம் மிகுதி. ஒன்பது அடுக்குச் சிலிக்கான் தகடுகள் அத்தடத்தை மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கு நுட்பத்துடன் குறித்துக்கொள்கின்றன. வளையும் திசையைக்கொண்டு மின்னூட்டம் நேரா எதிரா என்பதையும் அறியலாம்.

வளைவு மட்டும் போதாது. ஒரே அளவு வளைந்த இரு துகள்களில், ஒன்று புரோட்டானாகவும் மற்றொன்று அதனினும் பன்மடங்கு உந்தமுள்ள இரும்பாகவும் இருக்கக்கூடும். எனவே, மின்னூட்டத்தைத் தனியே அளக்க வேண்டும். துகள் ஒன்று பொருளினூடே செல்கையில் விட்டுச்செல்லும் ஆற்றல், அதன் மின்னூட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஹைட்ரஜன் கரு ஒரு பங்கு விட்டுச்சென்றால், அதே வேகத்தில் செல்லும் ஹீலியம் 4 பங்கும், கார்பன் 36 பங்கும், இரும்பு 676 பங்கும் விட்டுச்செல்லும். கருவி இதனை ஓரிடத்தில் அளந்து அமைவதில்லை. மேலே, நடுவே, கீழே எனப் பலமுறை அளக்கிறது. மேலே கார்பனாகப் பதிந்தது கீழே போரானாகப் பதிந்தால், அது கருவிக்குள்ளேயே உடைந்துவிட்டது என்று தள்ளிவிடலாம். மேலிருந்து கீழே செல்லும் நேரத்தையும், ஒளிப்பொருளில் துகள் எழுப்பும் செரன்கோவ் ஒளி வளையத்தையும் கொண்டு வேகமும் கணிக்கப்படுகிறது. ஒரே துகளிடம் பல சாட்சிகள் தனித்தனியே வாக்குமூலம் பெறுவதுபோன்ற ஏற்பாடு இது.

இங்கே காந்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் இக்கருவிக்கு மீக்கடத்துக் காந்தமே அமைக்கப்பட்டது, திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்படுவது, மிக வலிமையானது. ஆனால், ஹீலியம் தீர்ந்ததும், ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், அதன் ஆயுள் முடிந்துவிடும். விண்வெளி நிலையத்தின் காலம் நீட்டிக்கப்படும் என்ற நிலை வந்தபோது, 2010இல், ஏவுவதற்குச் சற்று முன்னர், குழுவின் தலைவர் சாமுவேல் டிங் அக்காந்தத்தை அகற்றிவிட்டு, 0.14 டெஸ்லா வலிமையுள்ள நிலைக்காந்தத்தைப் பொருத்த முடிவெடுத்தார். 1998இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் பத்து நாள் பறந்த முன்மாதிரிக் கருவியில் இருந்த அதே காந்தம் அது. பல ஆண்டு உழைப்பைக் கடைசி நேரத்தில் கைவிடுவதா என அன்று எதிர்ப்பு எழுந்தது. அம்முடிவு சரியானதே என்பேன். ஆற்றல் கூடக்கூட அண்டக்கதிர்கள் அருகிக்கொண்டே போகின்றன. ஆற்றல் பத்து மடங்கு உயர்ந்தால், அதற்கு மேற்பட்ட ஆற்றலுடையவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐம்பதிலொன்றாகச் சுருங்கும். அரிதாக வருவோருக்காகக் காத்திருக்க வேண்டிய இடத்தில், வலிய காவலனைவிட நெடுநாள் விழித்திருப்பவனே வேண்டும்.

போரான் சொல்லும் கதை

லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய மூன்றும் இயற்கையில் மிக அரியவை. விண்மீன்களின் உட்புறத்தில் அவை நிலைப்பதில்லை, எரிந்துவிடும். சூரியக் குடும்பத்தில் கார்பனோடு ஒப்பிட அவற்றின் அளவு மிக மிகச் சிறிது. அண்டக்கதிர்களிலோ அவை தாராளமாக உள்ளன. சூரியக் குடும்பத்தில் இருக்கும் விகிதத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு! அவை எங்கிருந்து வந்தன? சூப்பர்நோவா வெடிப்புகளில் முடுக்கம்பெற்ற கார்பன், ஆக்சிஜன் கருக்கள் பால்வழி மண்டலத்தில் அலையும்போது, விண்மீன்களுக்கிடையே பரவிக்கிடக்கும் வாயுவில் மோதி உடைகின்றன. அவ்வாறு உடைந்த துண்டுகளே இவை. ஆகவே, கார்பனுக்குப் போரான் எத்தனை என்னும் விகிதம், அக்கருக்கள் எவ்வளவு வாயுவைக் கடந்துவந்தன என்பதைச் சொல்லிவிடும்.

பெரிலியம் இன்னும் ஒருபடி மேலே சென்று காலத்தையும் சொல்கிறது. பெரிலியம்-10 என்னும் ஐசோடோப்பு கதிரியக்கமுடையது. அதன் அரைஆயுட்காலம் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள். நிலையான பெரிலியம்-9 உடன் ஒப்பிட அது எவ்வளவு குறைந்துள்ளது என்று பார்த்தால், இக்கருக்கள் எத்தனைக் காலம் அலைந்தன என்பது தெரியும். 1997இல் ஏவப்பட்ட ஏஸ் என்னும் செயற்கைக்கோள் அவ்வாறு அளந்து கண்ட விடை, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகள். நேர்க்கோட்டில் வந்திருந்தால் பால்வழித் தட்டைவிட்டு வெளியேறச் சில ஆயிரம் ஆண்டுகளே போதும். திசையற்ற காந்தப்புலங்களில் சிக்கி, திருவிழாக் கூட்டத்தில் வழிதவறிய குழந்தையைப்போல் அவை சுற்றித் திரிந்திருக்கின்றன. ஆகவேதான், அவை வரும் திசையைக் கொண்டு அவற்றின் பிறப்பிடத்தை அறிய முடிவதில்லை. முகவரி அழிந்துபோன கடிதத்தின் தாளையும் மையையும் ஆராய்வதுபோல, அவை எவற்றால் ஆனவை என்பதைத்தான் ஆராய வேண்டும்.

ஏ.எம்.எஸ். அளவீடு இக்கதையில் எதிர்பாராத திருப்பத்தைக் காட்டியது. ஆற்றல் உயர்வதற்கேற்ப அணுக்கருக்களின் எண்ணிக்கை ஒரே சீராகக் குறையும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அண்டார்க்டிகாவில் பறந்த கிரீம் பலூன் கருவியும், 2006இல் ஏவப்பட்ட பமேலா கருவியும் அந்நம்பிக்கையை அசைத்தன. குறிப்பிட்ட எல்லைக்குமேல் குறைவின் வேகம் மட்டுப்படுகிறது என்றன அவை. ஏ.எம்.எஸ். அதனை நுட்பமாக உறுதிசெய்தது. அத்துடன் நில்லாமல், 2018இல் மேலும் ஒன்றைக் காட்டியது: கார்பன், ஆக்சிஜன் போன்ற மூலக்கருக்களைவிட, லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய துண்டுக்கருக்களில் அம்மாற்றம் மிகுதி.

இச்செய்தியின் அருமையைச் சற்று நின்று காண வேண்டும். மாற்றத்துக்குக் காரணம் பிறப்பிடத்தில் இருந்தால், தாய்க்கருவின் மாற்றமே துண்டுகளிலும் அப்படியே தோன்றும், இரண்டும் ஒத்திருக்கும். காரணம் பயணத்தில் இருந்தால், பயணம் முதலில் தாய்க்கருவைப் பாதிக்கும். பின்னர் அதிலிருந்து பிறந்த துண்டின் பயணத்தையும் பாதிக்கும். ஆகவே, துண்டில் மாற்றம் இருமடியாகத் தோன்றும். கண்டது இரண்டாவதையே ஒத்திருந்தது. வெடித்த விண்மீனின் உள்ளே எட்டிப்பார்க்காமல், விண்மீனிடைவெளியை நேரில் காணாமல், எண்களின் சரிவில் தோன்றிய சிறு வேறுபாட்டைக் கொண்டே காரணம் வழியில் இருப்பதாகச் சொல்ல முடிகிறது! சில விழுக்காட்டுப் பிழையுடன் அளந்திருந்ததால்தான் அது புலப்பட்டது. பிழை இருபது விழுக்காடாக இருந்திருந்தால் வேறுபாடு அதிலேயே மறைந்திருக்கும்.

விடைகளோடு புதிர்களும் வந்தன. ஹீலியம், கார்பன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் உயராற்றலில் ஒரே போக்கில் செல்கின்றன. நியான், மெக்னீசியம், சிலிக்கான் ஆகியன தமக்குள் ஒத்து, முன்னவற்றிலிருந்து வேறுபடுகின்றன. அவற்றினும் கனமான இரும்பு மேலும் விலகும் என எதிர்பார்த்தால், 2021இல் வெளியான முடிவில் அது ஹீலியத்தின் குழுவிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இதற்கு எல்லாரும் ஏற்கும் விளக்கம் இன்னும் எழவில்லை.

இரு துலாக்கோல்கள்

இவ்வளவு புகழ்ந்தபின், ஒரு நெருடலையும் மறைக்கலாகாது. அதே விண்வெளி நிலையத்தில் ஜப்பானின் கேலட் என்னும் கருவியும் 2015முதல் அண்டக்கதிர்களை அளந்து வருகிறது. அதில் காந்தம் இல்லை. கனமான பொருளில் துகளை மோதவிட்டு, வெளிப்படும் ஆற்றலை அளப்பது அதன் முறை. கார்பன், ஆக்சிஜன் ஆகியவற்றை இரண்டும் அளந்தன. வரைகோட்டின் வடிவம் ஒத்திருந்தது, உயரம் ஒத்திருக்கவில்லை. ஏ.எம்.எஸ். அளவைவிட கேலட்டின் அளவு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவு. இரும்பிலும் ஏறத்தாழ 20 விழுக்காடு வேறுபாடு உள்ளது. இரண்டு கருவிகளும் தம் பிழையெல்லை சில விழுக்காடுகளே என்கின்றன. எனவே, இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க இயலாது.

இதனைக் கண்டு, ‘அறிவியலாளருக்கே தெரியவில்லை’ என்று நகைப்பது எளிது. ஒரே கடையில் ஒரே தராசில் நிறுத்து வாங்குபவனுக்கு எடைக்குறைவு ஒருபோதும் தெரியவராது. இரண்டாவது தராசு இருந்தால்தான் ஐயமே பிறக்கும். கேலட் இல்லாதிருந்தால் ஏ.எம்.எஸ். எண்களை ஐயமின்றி ஏற்றிருப்போம், அந்நிலைதான் அஞ்சத்தக்கது. ஏ.எம்.எஸ். குழுவினரும் தம் கணக்கைச் சோதிக்க நல்லதொரு வழி கண்டனர். கருவியின் பொருள்களிலேயே மோதி எத்தனைக் கருக்கள் உடைகின்றன என்பதே பிழைக்குப் பெரிய வாயில். நிலையம் திரும்பிக் கருவி கிடைமட்டமாக இருந்த நேரங்களில் பக்கவாட்டில் நுழைந்த கருக்களைக் கொண்டு, எவ்வளவு உடைகின்றன என்பதை விண்ணிலேயே அளந்தனர். ஆயினும் வேறுபாடு தீரவில்லை. இன்னொரு குறைபாடு தரையிலேயே உள்ளது. கார்பன் கரு ஹைட்ரஜனில் மோதினால் போரான் எத்தனைமுறை பிறக்கும் என்பது ஆய்வகத்தில் முடுக்கிகளைக் கொண்டு அளக்க வேண்டியது. அவ்வளவீடுகளுள் பல பழையவை. பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிழையுடையவை. விண்ணில் பலகோடி டாலர் செலவிட்டு நுட்பமாக அளந்ததை, தரையில் அளக்காமல் விட்ட எண்ணால் பயன்படுத்த முடியாமல் போவது வருந்தத்தக்கது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றனர் நம் முன்னோர். இங்கே இருகரையிலும் அளக்க வேண்டும். செர்ன் ஆய்வகத்தில் இதற்கான சோதனைகள் அண்மையில் தொடங்கியுள்ளன. அவை பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டியவை.

பழுதும் காலமும்

சிலிக்கான் தகடுகளைக் குளிர்விக்கும் எக்கிகள் நான்கனுள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. விண்ணில் பழுதுபார்க்கும் வகையில் இக்கருவி வடிவமைக்கப்படவே இல்லை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் கிடையாது. கைவிட்டிருக்கலாம். மாறாக, புதிய எக்கித் தொகுதியையும், இருபதுக்கும் மேற்பட்ட சிறப்புக் கருவிகளையும் உருவாக்கினர். 2019 நவம்பர் 15முதல் 2020 சனவரி 25வரை, லூகா பார்மிட்டானோ, ஆண்ட்ரூ மார்கன் ஆகிய இருவரும் நான்குமுறை விண்நடை மேற்கொண்டனர். பருத்த கையுறைகளுடன் எட்டு மெல்லிய எஃகுக் குழாய்களை வெட்டிப் புதிய தொகுதியுடன் இணைத்தனர். புதியதொரு கண்டுபிடிப்பு வரும் என்ற உறுதி எதுவும் அப்போது இல்லை. எண்ணுவது தடைபடக்கூடாது என்பதே நோக்கம். வேட்டையை மட்டும் மதிப்பவருக்கு இம்முயற்சி வீண்செலவு. அளவீட்டின் அருமை அறிந்தவருக்கு வேறு வழியே இல்லை.

தடைபடக்கூடாது என்பதற்குத் தனிக்காரணமும் உண்டு. சூரியனிலிருந்து வீசும் காந்தக்காற்று, ஆற்றல் குறைந்த அண்டக்கதிர்களைத் தடுக்கிறது. அத்தடை ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கூடியும் குறைந்தும் வரும். சூரியனின் காந்தமுனைகள் ஒவ்வொரு சுழற்சியிலும் தலைகீழாக மாறுவதால், முழுச்சுற்று 22 ஆண்டுகளாகும். நேர்மின், எதிர்மின் துகள்களை இச்சுற்று வேறுவேறாகப் பாதிக்கிறது. இரண்டையும் பிரித்தறியப் பெரிய காந்தமுள்ள கருவி வேண்டும். விண்ணில் இப்போது அத்தகையது ஏ.எம்.எஸ். ஒன்றே. சீன விண்வெளி நிலையத்துக்கெனத் திட்டமிடப்பட்டுள்ள ஹெர்டு கருவியிலும் காந்தம் இல்லை. ஏ.எம்.எஸ். கருவியின்மேல் மற்றுமொரு சிலிக்கான் அடுக்கைச் சேர்த்து, அது ஏற்கும் துகள்களின் எண்ணிக்கையை மும்மடங்காக்கும் திட்டம் உள்ளது. அதனைத் தாழ்த்தாமல் நிறைவேற்ற வேண்டும். அடுத்த காந்தக் கருவிக்கான முன்மொழிவுகளுள் ஒன்றையேனும் இப்போதே தேர்ந்தெடுத்துப் பணியைத் தொடங்க வேண்டும். ஏ.எம்.எஸ். வடிவமைப்பிலிருந்து விண்ணுக்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆயின. கொலம்பியா விண்ணோட விபத்துக்குப்பின் அதன் பயணமே நீக்கப்பட்டு, 2008இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகுதான் மீண்டும் இடம் கிடைத்தது. இன்று தொடங்கினாலும் நாளை கைக்கு வராது.

2011இல் தொடங்கிய எண்ணிக்கை 22 ஆண்டுகளை நிறைவுசெய்ய 2033 ஆகும். விண்வெளி நிலையத்தை அதற்குமுன்பே, 2030ஐ ஒட்டி, பசிபிக் பெருங்கடலில் இறக்கிவிடுவதே இப்போதைய திட்டம். கருவியும் அதனுடன் செல்லும்.